80,000 பவுண்ட் வண்டில ஆக்ஸில் வெயிட்டை சரி பண்றது எப்படி: புதுசா ட்ரக் ஓட்ட வர்றவங்களுக்கு

புதுசா சிடிஎல் (கனரக வண்டி லைசென்ஸ்) எடுத்தவங்க எல்லாரும் ரிவர்ஸ் எடுக்கறதைப் பத்திதான் கவலைப்படறாங்க, ஆனா முதல் கனமான லோடு ஏத்தினதும் உண்மையிலேயே திணற வைக்கிறது வெயிட்தான். ஸ்கேல்ல மொத்த எடை சட்டத்துக்குள்ள இருக்கும், ஆனா டிரைவ்ல (ட்ராக்டரோட பின்பக்க ரெண்டு ஆக்ஸில்) மட்டும் ஆயிரம் பவுண்ட் கூட இருக்கும், இப்ப டேண்டமை (ட்ரெய்லருக்கு அடில நகத்தக் கூடிய ஜோடி ஆக்ஸில்) முன்னாடி தள்ளணுமா பின்னாடி தள்ளணுமா, ரெயில்ல எத்தனை ஓட்டை, யாரைக் கேக்கறதுன்னு தெரியாம ட்ரக் ஸ்டாப் நடுவுல நின்னுட்டிருப்பாங்க. ட்ரெய்னிங்ல இதை ஒரு தடவை காட்டிட்டு விட்டுடறாங்க, அதுவும் காலி ட்ரெய்லர்ல. இங்க அமெரிக்கால ஓடற வழக்கமான அஞ்சு ஆக்ஸில் வண்டியை வச்சு சொல்றேன், மூணு ஆக்ஸில் ட்ராக்டர், பின்னாடி 53 அடி டிரை வேன் (மூடின பெட்டி ட்ரெய்லர்) இல்ல ரீஃபர் (குளிர் பெட்டி).

முதல்ல நம்பர்

மொத்தம் 80,000 பவுண்ட். டிரைவ் ஆக்ஸில் ரெண்டும் சேர்த்து 34,000. ட்ரெய்லர் டேண்டம் ரெண்டும் சேர்த்து 34,000. ஸ்டியர், அதாவது முன் ஆக்ஸில், 12,000. கூட்டினா சரியா 80,000 வருதா, அதனால மனசுல நிக்கும். இந்த 80,000 கணக்கு 1974ல போட்ட சட்டத்துலேர்ந்து வருது, அதுக்கு முன்னாடி 73,280தான்.

ஆனா ஸ்டியர் 12,000ங்கறதை அப்படியே சட்டம்னு நம்பிடாதீங்க. ஃபெடரல் சட்டத்துல ஒத்தை ஆக்ஸிலுக்கு 20,000 வரைக்கும் இருக்கு, உங்களை அதுக்குக் கீழ கட்டிப் போடறது உங்க முன் ஆக்ஸில் ரேட்டிங்கும் டயரும்தான். டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், அதுல முன் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும்னு போட்டிருக்கும். அப்புறம் டயர் சைட்வால்ல சிங்கிளுக்கு எவ்வளவுன்னு பாருங்க. 14 பிளை 11ஆர்22.5 டயர்னா ஒண்ணு 6,175 பவுண்ட், ரெண்டுக்கு 12,350. ரெண்டுல எது கம்மியோ அதுதான் உங்க லிமிட். வண்டிக்கு வண்டி மாறும், அதனால புது ட்ராக்டர் கைக்கு வந்த அன்னிக்கே பாத்து போன்ல குறிச்சு வச்சுக்குங்க.

இன்னொண்ணு பிரிட்ஜ் ஃபார்முலா. பாலத்து மேல எடை ஒரே இடத்துல குவியக் கூடாதுன்னு ஆக்ஸில்களுக்கு நடுவுல இருக்கற தூரத்தை வச்சு எடையைக் கட்டுப்படுத்தற கணக்கு இது. ஸ்டியர்லேர்ந்து கடைசி ஆக்ஸில் வரைக்கும் சுமார் 51 அடி இருந்தாதான் அஞ்சு ஆக்ஸில் வண்டி முழு 80,000 ஏத்தலாம். முதல் டிரைவ் ஆக்ஸில்லேர்ந்து ட்ரெய்லரோட கடைசி ஆக்ஸில் வரைக்கும் 36 அடி இருந்தா டிரைவ், ட்ரெய்லர் ரெண்டு ஜோடிக்கும் ஆளுக்கு 34,000. ஸ்லீப்பர் ட்ராக்டர்ல 53 அடி இழுக்கறவங்களுக்கு இது பெரும்பாலும் தானாவே சரியா இருக்கும், டே கேப் (படுக்கை இல்லாத ட்ராக்டர்) ஓட்டறவங்க டேண்டமை ரொம்ப முன்னாடி கொண்டு வந்தா மட்டும் டேப் எடுத்து அளந்து பாருங்க.

லோடு ஏத்தறதுக்கு முன்னாடியே பாதி வேலை

உங்க வண்டியோட காலி எடை தெரியணும், டீசல் ஃபுல்லா போட்டுட்டு, காலி ட்ரெய்லரோட. பொதுவா 33,000லேர்ந்து 36,000 வரைக்கும் வரும். அப்போ 44,000 பவுண்ட் லோடுன்னு டிஸ்பேட்ச் (கம்பெனில லோடு குடுக்கறவங்க) சொன்னா உடனே மனசுல கூட்டிப் பாத்துடலாம். 35,000 வண்டில 44,000 ஏத்தினா 79,000, மிச்சம் ஆயிரம்தான் இருக்கு, கொஞ்சம் உஷாரா இருக்கணும்னு அர்த்தம்.

பில் ஆஃப் லேடிங்ல (சரக்குச் சீட்டு) போட்டிருக்கற எடையை கண்ணை மூடிட்டு நம்பாதீங்க. சில ஷிப்பர் (சரக்கு அனுப்பறவங்க) சரக்கோட எடையை மட்டும் போடுவாங்க, அதை அடுக்கற பேலட்டோட எடை அதுல இருக்காது. மரப் பேலட் ஒண்ணு சுமார் 40 பவுண்ட் இருக்கும், 22 பேலட்னா கிட்டத்தட்ட 900 பவுண்ட் கணக்குலயே வராம உள்ள ஏறி உக்காந்திருக்கும். "இது கிராஸா நெட்டா"ன்னு ஷிப்பிங் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

டீசல் ஒரு கேலன் ஏழு பவுண்ட். ரெண்டு டேங்க்லயும் சேர்த்து 200 கேலன்னா 1,400 பவுண்ட். அந்த எடை ஸ்டியருக்கும் டிரைவுக்கும் நடுவுல பிரிஞ்சு போகும். கால் டேங்க்ல ஸ்கேல் ஏறி எல்லாம் சரியா இருக்குன்னு சந்தோஷப்பட்டுட்டு பக்கத்துல இருக்கற பம்புல போய் ஃபுல் பண்ணினா அந்த டிக்கெட் (ஸ்கேல்ல குடுக்கற எடைச் சீட்டு) அங்கயே செத்துப் போச்சு. கனமான லோடுன்னா ஒண்ணு ஃபுல் பண்ணிட்டு எடை போடுங்க, இல்ல பாதி டேங்க்லயே ஓட்டி அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா போடுங்க.

லோடு எப்படி அடுக்கறாங்கன்னு பாக்க முடிஞ்சா பாருங்க. சில இடத்துல டாக்ல (லோடு ஏத்தற மேடை) இறங்கவே விட மாட்டாங்க, அது வேற விஷயம். 2,000 பவுண்ட் பேலட் 22ன்னு வைங்க, எல்லாத்தையும் மூக்குலேர்ந்து ஜோடி ஜோடியா நெருக்கி அடுக்கினா பின்னாடி ஒம்பது அடி காலியா நிக்கும், எடை முழுக்க முன்னாடி போயிடும், டிரைவ் எகிறும். முன்னாடி ஒண்ணு ரெண்டு பேலட்டை ஒத்தையா வச்சு மத்ததைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிக் கொண்டு வந்தா பின்னாடி வரைக்கும் எடை பரவும், ஆனா ஒத்தை பேலட் ஆடாம இருக்க லோட் பார் இல்ல ஸ்ட்ராப் போட்டே ஆகணும். கலிஃபோர்னியா போற லோடா இருந்தா அதை ஷிப்பர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, காரணம் கீழ சொல்றேன்.

எந்தப் பக்கம் தள்ளறது

இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க. டேண்டமை முன்னாடி தள்ளினா எடையும் முன்னாடி போகும்னு மனசு சொல்லும். அது தப்பு, நேர் எதிர்தான் நடக்கும். ஒரு மூட்டையைக் கம்புல கோத்து ரெண்டு பேர் தோள்ல தூக்கிட்டுப் போறாங்கன்னு வைங்க, யாரு மூட்டை கிட்ட நெருங்கி வர்றாரோ அவர் தோள்லதான் பாரம் ஏறும். டேண்டம் முன்னாடி வந்தா லோடுகிட்ட நெருங்குது, அதனால டேண்டம் கூடுதலா சுமக்கும், டிரைவ் லேசாகும். டேண்டம் பின்னாடி கதவுப் பக்கம் போனா டேண்டம் லேசாகும், டிரைவ் கனமாகும்.

அதனால டிரைவ் ஓவர்னா டேண்டம் முன்னாடி, ட்ரெய்லர் ஓவர்னா டேண்டம் பின்னாடி. ஃபிஃப்த் வீல், அதாவது ட்ராக்டர் மேல ட்ரெய்லர் உக்கார்ற தட்டு, வேற, அதை முன்னாடி தள்ளினா டிரைவ்லேர்ந்து ஸ்டியருக்குப் போகும், பின்னாடி தள்ளினா ஸ்டியர்லேர்ந்து டிரைவுக்கு வரும். டிரைவுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல எடையை மாத்தறது டேண்டம், ஸ்டியருக்கும் டிரைவுக்கும் நடுவுல மாத்தறது ஃபிஃப்த் வீல். மொத்தமே 80,000 தாண்டிட்டா எதைத் தள்ளியும் பிரயோஜனம் இல்ல, சரக்கை இறக்கித்தான் ஆகணும்.

ஸ்கேல்

ட்ரக் ஸ்டாப்ல இருக்கற கேட் (CAT) ஸ்கேல்ங்கற தனியார் எடை மேடைல தனித்தனி பலகை இருக்கும், ஸ்டியர் முதல் பலகைல, டிரைவ் ரெண்டும் ரெண்டாவதுல, ட்ரெய்லர் ஆக்ஸில் மூணாவதுல. மெதுவா ஏறி, கண்ணாடில பாத்து, எந்த ஆக்ஸிலும் ரெண்டு பலகை சேர்ற கோட்டு மேல நிக்காம நிறுத்துங்க. பட்டனை அமுக்கி முதல் எடைன்னு சொல்லி ட்ரக் நம்பர் குடுக்கணும், இல்ல ஆப்லயே முடிச்சுடலாம், இறங்கி உள்ள போய் லைன்ல நிக்க வேண்டாம். நம்பர் வந்ததும் ஸ்கேலை விட்டு நகந்துடுங்க, மேலயே நின்னு டேண்டம் தள்ள ஆரம்பிச்சீங்கன்னா பின்னாடி நிக்கறவங்க ஹாரன்லயே உங்களை இறக்கி விடுவாங்க. 24 மணி நேரத்துக்குள்ள அதே ஸ்கேல்ல திரும்ப ஏறினா ரீவெய்னு சொல்லுங்க, ரொம்பக் கம்மியா வாங்குவாங்க.

இப்ப ஒரு டிக்கெட் பாப்போம். ஸ்டியர் 11,860, டிரைவ் 35,120, ட்ரெய்லர் 31,900, மொத்தம் 78,880. டிரைவ் 1,120 ஓவர், ட்ரெய்லர்ல 2,100 இடம் இருக்கு, அதனால டேண்டம் முன்னாடி வரணும். எத்தனை ஓட்டை? ரெயில்ல ஓட்டைக்கு ஓட்டை தூரம் எவ்வளவுன்னு பாருங்க. நாலு இஞ்சுன்னா ஓட்டைக்கு சுமார் 250 பவுண்ட், ஆறு இஞ்சுன்னா சுமார் 400, லோடு ரொம்ப கனமா இருந்தா இன்னும் கொஞ்சம் கூடும். நாலு இஞ்ச் ட்ரெய்லர்னு வைங்க, அஞ்சு ஓட்டைக்கு 1,250, சட்டத்துக்குள்ள வந்துடும் ஆனா டிரைவ் விளிம்புலயே நிக்கும், அதனால ஆறு தள்ளறேன், 1,500. திரும்ப எடை போட்டா ஸ்டியர் 11,780, டிரைவ் 33,700, ட்ரெய்லர் 33,400ங்கற மாதிரி வரும். ஸ்டியர்ல எப்படி 80 குறைஞ்சுதுன்னு கேட்டா, ஃபிஃப்த் வீல் பொதுவா டிரைவ் ரெண்டுக்கும் நட்ட நடுவுல இல்லாம கொஞ்சம் முன்னாடி இருக்கும், கிங்பின்ல (ஃபிஃப்த் வீல்ல மாட்டற ட்ரெய்லரோட முள்) எடை குறைஞ்சா ஸ்டியருக்கும் அதுல ஒரு சின்னப் பங்கு குறையும்.

டிரைவும் ட்ரெய்லரும் சரியா சமமா இருக்கணும்னு பிடிவாதம் பிடிக்காதீங்க. ரெண்டும் 34,000க்குக் கீழ, ரெண்டு பக்கமும் ஒரு இருநூறு முந்நூறு இடம், போதும், கிளம்புங்க.

டேண்டம் தள்ளற வேலை

சமதளமான இடம், வண்டியும் ட்ரெய்லரும் ஒரே நேர் கோட்டுல, சுத்தி ஆள் இல்லாம பாத்துக்குங்க. இறங்கி இப்ப டேண்டமைப் பூட்டற பின் (pin) எந்த ஓட்டைல இருக்குன்னு எண்ணுங்க, போகவேண்டிய ஓட்டையை சாக்பீஸ்ல குறிங்க. ட்ரெய்லர்ல ஸ்டாப் பார் இருந்தா அதைக் குறி வச்ச இடத்துல போட்டுடுங்க, தாண்டிப் போகாது. அப்புறம் ஹேண்டிலை இழுத்து மாட்டுங்க, புது ட்ரெய்லர்ல ஏர் வால்வா இருக்கும். நாலு பின்னும் உள்ள போச்சான்னு ரெண்டு பக்கமும் நடந்து பாருங்க, ஒரு பக்கம் வந்து மறு பக்கம் மாட்டிட்டு நிக்கறது சர்வ சாதாரணம்.

கேபின்ல ஏறி ட்ரெய்லர் பிரேக் போட்டது போட்டபடியே இருக்கட்டும், சிவப்பு நாப் வெளில இழுத்தபடி, ட்ராக்டர் பிரேக்கை மட்டும் எடுங்க. இப்ப நல்லா கவனிங்க, டேண்டம் நகரப் போறதே இல்ல, சக்கரம் பூட்டியிருக்கு, அதுக்கு மேல பெட்டிதான் வழுக்கிட்டுப் போகுது. அதனால டேண்டம் முன்னாடி வரணும்னா நீங்க ரிவர்ஸ் போகணும், டேண்டம் பின்னாடி போகணும்னா நீங்க முன்னாடி போகணும். லோ கியர்ல ஊர்ந்து போங்க, வேகமா இழுத்தா பின் வளையும், இல்ல குறி வச்ச இடத்தைத் தாண்டிடும்.

நகரவே மாட்டேங்குதா? பின் துருப்பிடிச்சு ஓட்டை விளிம்புல இறுக்கிட்டு இருக்கும். ஹேண்டிலை இழுத்து மாட்டின நிலைலயே வண்டியை முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம் மெதுவா ஆட்டுங்க, இறுக்கம் விட்டதும் "டக்"னு உள்ள போகும். அப்பவும் வரலைன்னா பின்னைச் சுத்தி துரு விடற ஸ்ப்ரே அடிச்சு கொஞ்ச நேரம் விட்டு சுத்தியால தட்டுங்க, ஆனா சீட்ல ஒருத்தர் உக்காந்து வண்டியை ஆட்டும்போது இன்னொருத்தர் கையை ரெயில் பக்கம் கொண்டு போகவே கூடாது. விரல் போயிடும்.

இடத்துக்கு வந்ததும் ஹேண்டிலை உள்ள தள்ளிட்டு, ட்ரெய்லர் பிரேக் போட்டபடியே லேசா முன்னாடி பின்னாடி இழுத்துப் பாருங்க, பின் ஓட்டைல விழுற சத்தம் கேக்கும். சத்தத்தை நம்பி கிளம்பிடாதீங்க. டார்ச் எடுத்து நாலு பின்னும் ரெயில் ஓட்டைல முழுசா வெளில நீட்டிட்டு இருக்கான்னு பாருங்க, பளபளன்னு தேய்ஞ்ச முனை தெரியணும், பாதி தெரிஞ்சா அது பூட்டலைன்னு அர்த்தம். பின் பூட்டாம ஹைவேல ஏறி ஒரு சடன் பிரேக் போட்டா பெட்டி முன்னாடி பாய்ஞ்சு டேண்டம் பின்னாடியே நின்னுடும், ஸ்டாப் பார் இல்லைன்னா டேண்டம் கழண்டே போயிடலாம். ஏர் லைன் எங்கயும் இழுத்து விறைப்பா நிக்கலையேன்னும் ஒரு பார்வை பாத்துடுங்க.

டேண்டம் இருக்கற இடத்தைப் பொறுத்து வண்டி திரும்பற விதமும் மாறும். முன்னாடி இருந்தா பின்பக்கம் நீட்டிட்டு நிக்குது, திரும்பும்போது வால் பக்கத்து லேனுக்குள்ள வீசும். பின்னாடி இருந்தா ட்ரெய்லர் உள்பக்கமா வெட்டும், கர்ப் ஏறும். தள்ளி முடிச்ச உடனே வர்ற முதல் திருப்பத்துல இது மறந்து போகும், அங்கதான் பக்கத்து வண்டியோட பானெட் போகுது.

கலிஃபோர்னியா

கலிஃபோர்னியால 53 அடி ட்ரெய்லருக்கு கிங்பின்லேர்ந்து கடைசி ஆக்ஸில் நடு வரைக்கும் 40 அடிதான் அனுமதி. நிறைய ட்ரெய்லர்ல அந்த ஓட்டைக்கு நேரா ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க இல்ல அம்புக்குறி போட்டிருப்பாங்க, இல்லைன்னா டேப் வச்சு அளந்துக்குங்க. இதோட அர்த்தம், ட்ரெய்லர் ஓவர் ஆனா டேண்டமை பின்னாடி தள்ளி தப்பிக்கற வழி அங்க அடைச்சு போச்சு. அதனாலதான் சரக்கு பின்பக்கம் கனமா இருந்தா ஷிப்பர்கிட்டயே திரும்ப அடுக்கச் சொல்லணும். மத்த நிறைய ஸ்டேட்கள்லயும் ஆளுக்கொரு அளவு வச்சிருக்காங்க, போற வழில இருக்கற எல்லா ஸ்டேட்டையும் கிளம்பறதுக்கு முன்னாடி அட்லஸ்ல பாத்துடுங்க, கம்மியா எது இருக்கோ அதுக்கு டேண்டமை வச்சுட்டா நடு ராத்திரி ஸ்டேட் பார்டர்ல இறங்கித் தள்ள வேண்டாம்.

ஃபிஃப்த் வீல்

ஸ்டியர் 12,480, டிரைவ் 32,600, ட்ரெய்லர் 33,500ன்னு வந்தா டேண்டமைத் தொடவே வேண்டாம், ஃபிஃப்த் வீலை ஒண்ணு ரெண்டு நாட்ச் பின்னாடி தள்ளுங்க. நாட்சுக்கு எவ்வளவு மாறும்கறது வீல்பேஸைப் பொறுத்தது, உங்க வண்டில ஒரு தடவை தள்ளி எடை போட்டுப் பாத்து அந்த நம்பரை எழுதி வச்சுக்கறதுதான் சரியான வழி. ட்ரெய்லர் பிரேக் போட்டு, லேண்டிங் கியரை (ட்ரெய்லரோட முன் கால்) தரையைத் தொடற அளவுக்கு இறக்கி, கேபின்ல ஸ்லைடு சுவிட்சைப் போட்டு மெதுவா முன்னாடி போனா ஃபிஃப்த் வீல் பின்னாடி போகும். சில வண்டில ஸ்லைடு சுவிட்ச் பக்கத்துலயே ட்ரெய்லரைக் கழட்டற சுவிட்சும் இருக்கும், அமுக்கறதுக்கு முன்னாடி படிங்க. முடிஞ்சதும் சுவிட்சை ஆஃப் பண்ணி, இழுத்துப் பாத்து, லாக் விழுந்ததைக் கண்ணால பாத்து, லேண்டிங் கியரைத் தூக்கி, அப்புறம் கிளம்புங்க. முன்னாடி தள்ளறதா இருந்தா திரும்பும்போது ட்ரெய்லர் மூலை கேபின்ல இடிக்காம இடைவெளி இருக்கான்னு பாத்தே ஆகணும். நெறைய கம்பெனி ட்ராக்டர்ல ஃபிஃப்த் வீல் நகரவே நகராது, அப்படின்னா ஸ்டியரைக் குறைக்க உங்ககிட்ட இருக்கற முக்கியமான சாமான் டீசல்தான்.

ஏர் கேஜ்

ஏர் சஸ்பென்ஷன் வண்டில டேஷ்ல இல்ல ஃப்ரேம்ல ஒரு லோட் கேஜ் இருக்கும், டிரைவ் ஏர் பேக்ல எத்தனை பிஎஸ்ஐன்னு காட்டும். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கருவி, இதை யாரும் மதிக்கறதில்ல. ஒவ்வொரு தடவை ஸ்கேல் ஏறும்போதும் கேஜ் நம்பரையும் டிக்கெட்ல டிரைவ் எடையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிட்டு வாங்க. கொஞ்ச நாள்ல உங்க வண்டிக்கு 34,000ன்னா எத்தனை பிஎஸ்ஐன்னு தெரிஞ்சுடும். அப்புறம் ஷிப்பர் டாக்லயே, பேப்பர் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, டிரைவ் ஓவரா இல்லையான்னு சொல்லிடலாம். பக்கத்து வண்டிக்காரர் சொல்ற நம்பர் உங்களுக்கு உதவாது, சஸ்பென்ஷன் மாறினா நம்பரும் மாறும். சமதளத்துல நின்னு பிரேக்கை எடுத்துட்டு கொஞ்சம் பொறுத்து பாத்தாதான் கேஜ் உண்மை பேசும்.

சரி ஆகவே இல்லைன்னா

டேண்டமை இந்த முனை வரைக்கும் தள்ளியாச்சு, டீசலும் கம்மி, இன்னும் ஓவர்தான். ட்ரெய்லர் கதவுல போட்ட சீலை உடைச்சு நீங்களே உள்ள ஏறி பேலட்டை இழுக்கலாம்னு யோசிக்காதீங்க, சீல் உடைஞ்ச லோடை ரிசீவர் வாங்காம திருப்பி அனுப்பலாம், அந்தப் பழி உங்க மேலதான் வரும். டிக்கெட்டை போட்டோ எடுத்து டிஸ்பேட்சுக்கு அனுப்பி, ஷிப்பர்கிட்ட திரும்பப் போய் அடுக்கித் தரச் சொல்லுங்க. போன்ல பேசினதை மெசேஜாவும் போடுங்க. "அந்த ரோட்ல ஸ்கேல் மூடியிருக்கும், போயிடு"ன்னு யாராவது சொன்னா அதையும் எழுத்துல அனுப்பச் சொல்லுங்க, அனுப்ப மாட்டாங்க. வெய் ஸ்டேஷன்ல (அரசாங்க எடை சோதனை) மாட்டினா ஃபைன் எழுதறது உங்க பேர்லயும்தான், அதுக்கப்புறமும் எடையைச் சரி பண்ணாம அங்கேர்ந்து விட மாட்டாங்க.

ஷிப்பருக்கு திரும்பப் போனா செக்கின் பண்ணின நேரம், டாக் குடுத்த நேரம், வெளில வந்த நேரம் மூணையும் பேப்பர்ல எழுதி அவங்க கையெழுத்து வாங்குங்க, டிடென்ஷன் (காத்திருந்த நேரத்துக்குக் காசு) கேக்கறதுக்கு அதுதான் ஆதாரம். திரும்ப அடுக்கினதுக்கு அப்புறம் பழைய டிக்கெட் செல்லாது, மறுபடி ஸ்கேல் ஏறணும். கடைசி டிக்கெட்டை லோடு இறக்கற வரைக்கும் பத்திரமா வச்சுக்குங்க, கேட் ஸ்கேல்ல சரின்னு வந்து ஸ்டேட் ஸ்கேல்ல ஓவர்னு ஃபைன் போட்டா அவங்க கேரண்டி உண்டு, ஆனா டிக்கெட் இல்லாம அதைக் கேக்க முடியாது.